ஜம்ப் சீட்டில் போகிறவளின் அப்பன்

என் மகள் விமானம் ஓட்டுகிறாள். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சுற்றி வளைத்துப் பெருமையடிக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், நேராகவே பெருமையடிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்து எழும்பியவன். கட்டுநாயக்க விமான நிலையத்துக் கார்கோ ஷெட்டில் பெட்டி தூக்கினேன். பலட் என்கிற அலுமினியத் தட்டில் பெட்டிகளை அடுக்கி, வலை போட்டு இறுக்கப் பழகினேன். பிறகு சொந்தமாக ஒரு லொறி, பிறகு ஒன்பது லொறி, இப்போது வெள்ளவத்தையில் கடல் தெரிகிற நாலாம் மாடி. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

மகளுக்கு வேலை வளைகுடாவில், பயணிகள் விமானக் கம்பனி ஒன்றில். வீடு வெள்ளவத்தையில், எங்களோடு. அவளுடைய மூன்று வயது மகன் இங்கே, புருஷன் வேலை செய்கிற கந்தோர் கொள்ளுப்பிட்டியில். குடும்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட அவளுக்கு விருப்பமில்லை. அதனால் பம்பலப்பிட்டிச் சனம் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற மாதிரி இவள் கடல் தாண்டிப் போய் வருகிறாள். பயணிகள் விமானத்தில் இடம் இருந்தால் அதில் போவாள். இல்லாவிட்டால் சரக்கு விமானத்தில், ஓட்டுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் மடித்து விரிக்கிற சின்ன இருக்கை ஒன்று உண்டு, அதில் போவாள். அதற்கு ஜம்ப் சீட் என்று பெயர். ஒரு விமானி இன்னொரு விமானிக்குச் செய்கிற உபகாரம் அது.

பெயர்தான் கொஞ்சம் பிழையான பெயர். எங்கள் ஆட்களிடம் ஜம்ப் என்றால் களவாக நாட்டை விட்டு நழுவுவது. என் மனைவியின் தம்பி ஒருநாள் தேத்தண்ணி குடிக்க வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தான்.

“என்ன அத்தான், பிள்ளை ஜம்ப்பிலயாம் போறாள்? எங்கட பொடியள் கனடாவுக்கு ஜம்ப் பண்ணின காலம் போய், இப்ப பைலட்மாரும் ஜம்ப்தானோ?”

“ஓமடா. விமானத்தின்ர மூக்கில இருந்து ஜம்ப் பண்ணுறாள். நீ ஒருக்கா டுபாய்க்குப் போனனீதானே, கக்கூசுக்குப் பக்கத்துச் சீட்டில.”

“எனக்கென்ன. சாமானோட சாமானாப் போறாள் எண்டு சனம் கதைக்குது.”

“சாமான் ஏத்தித்தான் நீ இருக்கிற இந்தக் கதிரையையும் வாங்கினனான். சனத்திட்டப் போய்ச் சொல்லு.”

அவன் தேத்தண்ணியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் பள்ளிக்கூட விடுமுறைக் காலம். மகள் அதுவரை துணை விமானி. கப்டன் ஆவதற்கான பறப்புச் சோதனைக்கு அவளை அழைத்திருந்தார்கள், மறுநாள் காலை, வளைகுடாவில். போய்ச் சேராவிட்டால் அவளுடைய பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். மறுபடி மேலே வர எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே போகக் கிளம்பி, விடியற்காலையிலிருந்து விமான நிலையத்தில் நின்றாள். அன்றைய இரண்டு பயணிகள் விமானங்களும் நிரம்பி, இவளை விட்டுவிட்டுப் போய்விட்டன.

பத்து மணிபோல ஃபோன் எடுத்தாள். “அப்பா, ரெண்டும் ஃபுல். ரெண்டரைக்கு ஒரு கார்கோ போகுது. கார்கோக் கம்பனி ஓம் எண்டிட்டுது. கப்டனும் ஓம் எண்டால் போவன்.”

கப்டனும் ஓம் என்றால். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் இல்லை என்றால் என்ன செய்வது? ஷெட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஏற்றிப்போட்டுச் சொல்வது. இந்தப் பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். கேட்காமல் ஏற்றி, தாளிலும் எழுதிவிட்டால், இறக்குகிற கரைச்சலுக்குப் பயந்து விட்டுவிடுவார்கள். நான் முன்னேறியதே அந்த வழக்கத்தால்தான். ஆகவே ஷெட்டின் பெரியவனுக்கு ஃபோன் எடுத்தேன். சிங்களவன், என்னோடு பெட்டி தூக்கியவன். விமானத்தின் பாரக் கணக்கு எழுதுகிற தாளில் மகளின் பெயரைப் போடச் சொன்னேன். நிறையும் நானே சொன்னேன். கையால் தூக்கிப் பழகியவனுக்குத் தராசு தேவையில்லை. பையோடு எழுபத்திரண்டு கிலோ.

“வெடே ஹரி, அய்யே” என்றான் அவன். வேலை முடிந்தது, அண்ணா என்கிறான்.

வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு காரில் புறப்பட்டேன். ஷெட்டுக்குள் போகிற பாஸ் என்னிடம் எப்போதும் உண்டு. உள்ளே கண்ணாடி போட்ட சின்னக் கந்தோரில் மகள் சீருடையோடு, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். கப்டன் வந்தார். நரைத்த வெள்ளைக்காரன். மகள் எழும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தாளைத்தான் முதலில் எடுத்துப் படித்தார்.

“இது யார்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“நான்தான், சேர். இடம் கேட்கத்தான் நிற்கிறேன்.”

“கேட்க என்ன இருக்கிறது? ஏற்கெனவே ஏறிவிட்டாயே. எழுபத்திரண்டு கிலோ.” பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக வெட்டினார். “என்னைக் கேட்காமல் என் விமானத்தில் யாரும் இருப்பதில்லை.”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். வலை சரியாகக் கட்டாத பலட்டை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தாள்.

“அப்பா, நீங்களா?”

“உனக்காகத்தான் பிள்ளை.”

“ஆர் கேட்டது? அது அவற்ற விமானம். தட்டாமல் ஒருத்தற்ற வீட்டுக்குள்ள போவீங்களா? கையில அனுமதிக் கடதாசி எல்லாம் இருந்தாலும் நாங்கள் நேர நிண்டு கேக்கவேணும். அதுதான் முறை.”

இது என் அப்பா செய்த வேலை என்று அவள் அவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பிழை நடந்துவிட்டது, சேர், மன்னிக்கவும்” என்று அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பையைத் தூக்கினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பெட்டைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்ட அத்தனை பேரையும் தாண்டி வந்தவள், கடைசியில் என் கையால் இறங்குவதா?

நான் அவர் முன்னால் போய் நின்றேன். என் இங்கிலீஷ் ஷெட் இங்கிலீஷ். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“சேர், எழுதுவித்தது நான். அவளுக்குத் தெரியாது. பிழை என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைகட்டி நிற்கமாட்டேன். உங்கள் விமானத்தில் ஏற்றியிருக்கிற உடுப்புப் பெட்டிகளில் பாதி என் லொறிகளில் வந்தவை. அதில் ஒன்று நசுங்கியிருந்தால் என்னை ஏசுங்கள். இவள் இன்னும் கேட்கவே இல்லை. கேட்ட பிறகு இல்லை என்று சொல்லுங்கள், போய்விடுகிறோம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீ வெளியே நில்.”

அந்த ஷெட்டில் என்னை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றேன். மகள் தொப்பியை ஒழுங்காகப் பிடித்து, நிமிர்ந்து நின்று, எதையோ கேட்டாள். அவர் தலையை ஆட்டவில்லை. அவளுடைய லைசன்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். திரும்பவும் கதைத்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிறகு அவர் அந்தத் தாளை இழுத்து, வெட்டின வரிக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்.

மகள் வெளியே வந்தாள். “ஏறச் சொல்லிட்டார்.”

“என்ன கேட்டவர்? இவ்வளவு நேரம்?”

“நாளைக்கு நீ கப்டன் எண்டு வை, உன்னைக் கேக்காமல் ஒராளை உன்ர விமானத்தில ஏத்தினால் என்ன செய்வாய் எண்டார். இறக்குவன் எண்டன். ஏத்தினது உன்ர தகப்பன் எண்டால்? எண்டார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஏறின ஆளையும் தகப்பனையும் சேர்த்து வெளியில விடுவன் எண்டன்.”

சொல்லிவிட்டு, பையை இழுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. விமானம் கிளம்பும் வரை நான் வெயிலிலேயே நின்றேன்.

மறுநாள் பின்னேரம் ஃபோன் வந்தது. சோதனையில் பாஸ். இப்போது அவள் தோளில் கப்டனுக்குரிய நாலு கோடு. இன்றைக்கும் இடம் இல்லாத நாட்களில் சரக்கு விமானத்துக்குப் போய், இன்னொரு கப்டன் முன்னால் நின்று, ஓர் இடம் தருவீர்களா என்று கேட்டுத்தான் ஏறுகிறாள். சில நாள் இல்லை என்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சோறு தின்றுவிட்டு, அடுத்த விமானத்துக்குப் போகிறாள்.

மகள் வாயாலேயே வெளியே போடப்பட்டவன் என்று சனம் என்னைப் பற்றிக் கதைக்கட்டும். அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவனே நான்தான். ஷெட்டுக்கு மட்டும் இப்போது ஃபோன் எடுப்பதில்லை. யாருக்கும் பயந்து அல்ல. அவள் சொன்னால் செய்வாள் என்று எனக்குத் தெரியும்.