மீன் வாங்காண்டாம்

இன்று குளச்சல் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அக்கா. மடியில் மீன் பை. வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பப் போனிடம் பேசிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் யார் டைப் செய்கிறார்கள்? சொன்னால் போனே எழுதிவிடுகிறது.

"மீன் வாங்காண்டாம்," என்றார்.

போன் எழுதியது: "மீன் வாங்க ஆண்டாள்."

மூன்று முறையும் ஆண்டாள்தான் வந்தாள்.

"இதுக்கு நம்ம பேச்சு மனசிலாவாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப்போல ஆரம்பித்தார்: "அன்புள்ள கணவருக்கு, இன்று மீன் வாங்க வேண்டாம்."

ஒரு பிழை இல்லை. அனுப்பினார்.

அடுத்த நிமிடம் கணவர் கூப்பிட்டார். குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"ஏலே, யாருல நீ? எம் பெண்டாட்டிக்க போனு உனக்கு எப்பிடிக் கிட்டிச்சு?"

"கூறுகெட்ட மனுசா, நாந்தான்!" என்று அக்கா கத்தினார்.

"ஆ, இப்பம் சரி," என்றார் அவர் நிம்மதியாக.

உங்கள் வீட்டிலிருந்து நல்ல தமிழில் செய்தி வந்தால் நம்புவீர்களா, போலீசுக்குப் போவீர்களா?