மீசை வைத்த பனிமனிதன்

என் சித்தி பதினெட்டு வருடம் பனி செய்தாள். பனியை அவள் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன, எங்கள் தெருப் பல் டாக்டருக்கே முன்பல் இரண்டு கிடையாது. தொழில் ஓடத்தானே செய்கிறது.

சித்தி வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில். வருடம் முழுக்க பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, மருந்துச் சீட்டு. கடைசி இரண்டு மாதம் மட்டும் வாழ்த்து அட்டை. ஆண்டு முடிவில் விடுமுறைக்குக் கடையை மூடுகிற ஒவ்வொரு கம்பெனியும் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். எல்லோருக்கும் பனி வேண்டும். பனிக்குன்று, கூம்பு மரம், சறுக்குவண்டி, கலர் விளக்குச் சரம். சித்தி ஒரு கறுப்புக் குடையை விரித்து, அதன்மேல் கல் உப்பைத் தூவி, அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் பனி போடுவாள். அந்தக் குடையை மழையில் எடுத்துப் போனால் வாயெல்லாம் உப்புக் கரிக்கும்.

அவள் இடம் மாடிப்படிக்கு அடியில். நிமிர்ந்தால் தலை இடிக்கும். முதுகு பெருத்த பழைய மானிட்டர், அதைவிடப் பழைய படம் வரைகிற சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போடும். சித்தி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பதால் முதலாளி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரைக் காட்டி ஒரே ஜோக்கைச் சொல்வார்.

"என்னம்மா, உன் புருஷன் எப்படி இருக்கான்?"

"குறட்டை விடுறதைப் பார்த்தா புருஷன் மாதிரிதான் சார் தெரியுது."

பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் என்னைக் கைவிட்ட பிறகு, தினமும் மதியம் சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோகிற உத்தியோகத்தை அம்மா எனக்குக் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த சாஃப்ட்வேரில் தப்புச் செய்தால் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும். இரண்டாவது படிக்கு மன்னிப்பே கிடையாது. அதனால் சித்தி எதையும் அழிக்க மாட்டாள். படத்தை லேயர் லேயராகப் போடுவாள். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கின மாதிரி. ஒரு தாளில் குன்று, ஒரு தாளில் மரம், ஒரு தாளில் விளக்கு. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கண் படம் இருக்கும். பிடிக்காத தாளின் கண்ணை மூடிவிட்டால் அது தெரியாது. ஆனால் அங்கேயேதான் இருக்கும்.

"அழிச்சா அழிச்சதுதான்டி வாலு. மறைச்சு வச்சா நாளைக்கு உதவும்."

வாலு என்றால் நான்.

போன வருடம் முதலாளியின் மாப்பிள்ளை கடைக்குள் வந்தான். புது மெஷின், புது சாஃப்ட்வேர். சித்தியை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் நாற்காலியை அளவெடுத்தான். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு சின்னப் பையன்களை வைத்தால் போதும் என்று மாமனாருக்குச் சொன்னான். சித்தி எதிர்த்துப் பேசவில்லை. "இந்த வருஷம் நம்ம கடையோட சொந்த அட்டையை நான் போடுறேன் சார். வாடிக்கைக்காரங்க என்ன சொல்றாங்கன்னு பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். முதலாளி சரி என்றார். அந்த ஓர் அட்டையில்தான் அவள் வேலை இருந்தது.

அதற்கு முன்னால் அவள் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. குன்றில் சாயங்கால வெளிச்சம், மரத்துக்கு மரம் வேறு நிழல், நடுவில் கேரட் மூக்கோடு ஒரு பனிமனிதன். விளக்குச் சரத்தில் நூற்றுப் பத்து பல்பு. ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தாள். "ஒண்ணை வரைஞ்சு காப்பி அடிச்சா என்ன சித்தி?" என்று கேட்டேன். "எல்லா பல்பும் ஒரே மாதிரி எரிஞ்சா அது படம்டி, விளக்கு இல்ல" என்றாள்.

ஒருநாள் அவள் டிபன் பாக்ஸ் கழுவப் போயிருந்தாள். எனக்குக் கை அரித்தது. புதுத் தாள் ஒன்றைப் போட்டு, பனிமனிதனுக்கு முதலாளியின் தொங்கு மீசை, மூக்கு நுனியில் நிற்கிற கண்ணாடி, வழுக்கையின் நடுவே இருக்கும் மூன்று முடி எல்லாம் வைத்தேன். அச்சு அசல் அவரே. சித்தி செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தத் தாளின் கண்ணை மூடிவிட்டேன். நல்ல நேரம் பார்த்துத் திறந்து காட்டிச் சிரிக்க வைக்கலாம் என்று இருந்தேன்.

மறுநாளே மாப்பிள்ளை வந்து நின்றான். "அக்கா, அச்சுக்கு என் மெஷின்ல இருந்துதான் போகும். ஃபைல் யானை மாதிரி கனமா இருக்கு. வேண்டாத லேயரை எல்லாம் தூக்கிட்டுக் குடுங்க."

சித்தி ஒரு காலை முழுக்க உட்கார்ந்து அழித்தாள். மறைத்து வைத்திருந்த முப்பத்தெட்டு தாள்கள். சரியாக வராத மரங்கள், வேறு நிறத்து வானம், கோணல் சறுக்குவண்டி. ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அழித்தாள். என் மீசையும் இதோடு போய்த் தொலைந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போகவில்லை. பழைய கோப்பில் மூடிய கண், புது சாஃப்ட்வேரில் திறந்துகொண்டது. மாப்பிள்ளை பார்த்தான்தான். ஆனால் அவன் அந்தப் படத்தை முன்னால் ஒரு தடவையாவது பார்த்திருந்தால்தானே? மீசை வைத்த பனிமனிதன்தான் டிசைன் என்று நினைத்து அச்சடித்து, கவரில் போட்டு, வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

நான் சாப்பாடு கொண்டுபோன நேரம் போன் அடித்தபடி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "இப்படி ஒரு அட்டை நாங்க பார்த்ததே இல்ல சார், தன்னையே கிண்டல் பண்ணிக்க மனசு வேணும்" என்று ஒருவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. முதலாளி போனை வைத்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தார். அவர் மீசையும் அதில் இருந்த மீசையும் சேர்ந்து துடித்த மாதிரி எனக்குத் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"யார் வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி எழுந்தாள். படியில் தலை இடித்தது.

"நான்தான் சார். விளையாட்டா பண்ணேன்."

"விளையாடுறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா? நாளையில இருந்து வர வேண்டாம்மா."

அவ்வளவுதான். பதினெட்டு வருடத்துக்கு நான்கு வார்த்தை. நான் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு கேரியர் மாதிரியே நின்றேன்.

சித்தி உள்ளே தன் குடை, தண்ணீர் பாட்டில், முதுகுக்கு வைக்கிற தலையணை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பழைய மெஷினில் அந்தப் படத்தைத் திறந்தேன். மறைத்து வைத்த எல்லாத் தாளும் போயிருந்தது. படத்தில் தெரிகிற தாள்கள், அவற்றுக்கு மேலே கண் மூடி ஒன்று மட்டும். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. சித்தி வைத்திருந்தாள். அந்த மெஷினில் தமிழ் அடிக்க வராது என்பதால் ஆங்கில எழுத்தில்: 'வாலு போட்டது. அழிக்காதே.'

தன்னுடைய முப்பத்தெட்டையும் அழித்தவள் அதை மட்டும் வைத்திருந்தாள்.

இப்போது சித்தி ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கவரில் போடுகிறாள். ஆரம்பத்தில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று கவரில் வரைந்து கொடுத்தாள். "கோடு போட்டா போதும், வரிசை நிக்குது பார்" என்றார் கடைக்காரர். இப்போது கோடு போடுகிறாள்.

போன வாரம் அச்சகத்தின் இந்த வருட அட்டை அந்தக் கடைக்கும் வந்தது. அதே குன்று. அதே நூற்றுப் பத்து பல்பு. மாப்பிள்ளை போன வருடம் அச்சுக்காக எல்லாத் தாளையும் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறான் போல. மீசையைத் தனியாக எடுக்க முடியாமல் தேய்த்து அழித்ததில் பனிமனிதனின் பாதி மூக்கும் போயிருந்தது.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது சித்தி அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மூக்கைக் கெடுத்துட்டான்" என்றாள்.

ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். "சித்தி, நான் போய் முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் கோடு நடுங்கும். என் கோடு நடுங்காது. பதினெட்டு வருஷம் பார்த்தவருக்கு அது தெரியாதாடி?" அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டே சொன்னாள். "என்னை அனுப்ப ஒரு காரணம் தேடிட்டு இருந்தாங்க. நான் குடுத்தேன். தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

தள்ளி நின்றேன். அவள் கவரில் மூன்று கோடு போட்டாள். மூன்றும் நேராக இருந்தன.