பிரைமர் அடிக்காத இரண்டு நாட்கள்

சந்தேகம் எனக்குச் சோறு போட்ட குணம். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ண வேண்டும், சீல் உடைந்திருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பழி நம் தலையில் விழும். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. பால் பாக்கெட்டைக்கூட நாலு தரம் அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். இதற்காக என் மனைவி என்னைப் பேசாத பேச்சில்லை.

அதனால் என் பழைய நீலக் காரைப் புதுப் பெயிண்ட் அடிக்க எண்ணூர்க் கடலோரச் சாலையில் ஒரு ஷெட்டில் விட்டபோது, நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாளே பேட்டரிக்கு அடியிலும் ஸ்டெப்னி டயரின் உள்பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டால் சின்னதாகக் குறி போட்டு வைத்திருந்தேன். யாராவது மாற்றினால் கண்டுபிடிக்கத்தான். கையில் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. சட்டைப் பையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று. தகரம் ஓட்டையாக இருக்கும் இடத்தில் பட்டி என்கிற பசையை அப்பிவிட்டு மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள், அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஷெட்டில் தகரம் தட்டிப் பெயிண்ட் அடிக்கிற டிங்கருக்கு நாற்பது வயதிருக்கும். முன்னங்கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட தழும்பு. என் காந்தத்தையும் நோட்டையும் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், வண்டிய வுட்டுட்டுப் போவியா, இல்ல எங்கூடவே குடும்பம் நட்த்தப் போறியா?"

"நீ வேலையப் பாருப்பா. நான் சும்மா குந்திகினு இருக்கேன்" என்றேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை எனக்கு விற்றவன் என் முப்பது வருடத் தோஸ்து. பழைய வண்ணாரப்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்காரன். என் மகளுக்கு அவன் பாய் மாமா. என் வாய்க்கும் கோபத்துக்கும் பயந்து சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்ட பிறகு எனக்கென்று மிச்சம் நின்றவன் அவன் ஒருவன்தான். போன வருடம் அவன் புது வண்டி எடுத்தபோது இதை எனக்குக் கொடுத்தான். "கண்ண மூடிகினு எத்துக்க மாமு. ஒரு எட்த்துல கூட இடி வாங்காத வண்டி" என்றான். என் வாழ்க்கையில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

சனிக்கிழமை காலை உரிக்க ஆரம்பித்தார். பம்பர், விளக்குகள், கண்ணாடி ஓரத்து ரப்பர் எல்லாவற்றையும் கழற்றி ஒரு மீன் பெட்டியில் போட்டார். நான் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு பானட்டின் மேல் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவினார். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் தோல் சுருங்கிக் கொப்புளித்தது. தகட்டை வைத்துத் தள்ளினால் நீலம் சுருள் சுருளாக வந்தது, அதற்கடியில் பழைய பிரைமர், அதற்கும் அடியில் பளிச்சென்று தகரம். பானட், கூரை, டிக்கி, வலது பக்கம் எல்லாமே சுத்தம். காந்தம் வைத்த இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டது. என் நண்பனை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இடது பக்க முன் மட்கார்டில்தான் எல்லாம் கெட்டது. அங்கே நீலம் போனதும் தகரம் வரவில்லை. மஞ்சளாக, கெட்டியாக ஏதோ வந்தது. காந்தத்தை வைத்தேன். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. டிங்கர் அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். அப்புறம் உளியால் தட்டித் தட்டிப் பெயர்த்தார். விரல் தடிமனுக்குப் பட்டி. அதன் கீழே சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தகரம், கிழிந்த ஓரத்தில் வெல்டிங் கோடு.

"செம இடி சார். கம்பத்துலயோ செவுத்துலயோ போய்ச் சொருவிகீது. எவனோ நல்லாத்தான் தட்டிகீறான்."

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, "எதுக்குடா தெண்டமா? நல்லாத்தானே கீது?" என்று அவன் அவசரமாகச் சொன்னது. அந்தப் பக்கமே வராமல் பேச்சை மாற்றியது. கண்டெய்னர் சீலில் நூல் அளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவன் நான், ஒரு வருடமாக இந்த மட்கார்டைத் துடைத்திருக்கிறேன். என்னையே ஏமாற்றிவிட்டானே என்பதுதான் தாங்க முடியவில்லை.

அவனுக்குப் போன் போட்டேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஆம்பூரில் இருந்தான். "திங்கக்கெழம வந்துருவேன். இன்னாடா அவ்ளோ அர்ஜென்ட்டு?" என்றான். நான் காரணம் சொல்லவில்லை. வந்து பார் என்று மட்டும் சொன்னேன்.

டிங்கர் பிரைமர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மூடச் சொன்னேன். துறைமுகத்தில் சேதமான பெட்டியைச் சம்பந்தப்பட்ட பார்ட்டி வந்து பார்க்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் சாட்சி போய்விடும். அந்தச் சட்டத்தை நான் ஒரு காருக்குப் போட்டேன்.

"சார், இது எண்ணூரு காத்து" என்றார் டிங்கர். "காலைல உரிச்சா சாய்ங்காலத்துக்குள்ள பிரைமர் அட்ச்சிரணும். இல்லாங்காட்டி தகரம் செவந்துடும். இங்க எந்த ஷெட்டுல வேணா கேட்டுப்பாரு."

"அந்த மட்கார்ட மட்டும் வுட்டுட்டு மீதிய அடிக்கறேன்னு சொல்லுவ. நான் அப்டி போனதும் அதையும் சேத்து மூடிருவ. ஒண்ணுத்துலயும் கை வெக்காத."

"உன் வண்டி, உன் இஷ்டம்" என்று டப்பாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார். இவரும் அவனுக்கு வேண்டியவராக இருப்பாரோ என்று அப்போது நான் யோசித்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கூரையில் லேசாகப் பழுப்பு. திங்கட்கிழமை மதியம் வண்டி முழுக்க மிளகாய்த்தூள் தூவினாற்போல இருந்தது. கையை வைத்தால் விரலில் ஒட்டியது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வெல்டிங் கோடு தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். தெரிந்தது.

அவன் ஆம்பூர் ரயிலில் வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஷெட்டுக்கு வந்தான். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. "இது பாப்பாக்கு" என்று என் மகளுக்காக என்னிடம் நீட்டினான். வாங்கி ஒரு ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு மட்கார்டைக் காட்டினேன்.

"இடி வாங்காத வண்டின்னியே. இது இன்னா?"

குனிந்து பார்த்தான். பிறகு கூரையில் விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தான்.

"மொதல்ல பிரைமர் அடிக்கச் சொல்லு மாமு. காத்து துன்னுகினு கீது பாரு."

"பேச்ச மாத்தாத. ஏமாத்தறதுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனுக்கு?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். டிங்கரும் பக்கத்து ஷெட் ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "கடைல கயிறு அளக்கறதும் இப்டித்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் முகம் மாறியது. மூன்று தலைமுறையாக அளந்து விற்கிற குடும்பம் அது. "மறச்சது நெசம்தான். வண்டி வேணான்னா சொல்லு, நானே திருப்பி எத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான். பஸ் நிறுத்தம் பக்கம் நடந்து போனான்.

சாயங்காலம் வீட்டில் நடந்ததையெல்லாம் மனைவியிடம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் அப்போதுதான் ராயபுரத்திலிருந்து வேலை முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். நான் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த ஸ்வீட் டப்பாவைப் பார்த்தாள்.

"அந்த இடி நான்தான்பா" என்றாள்.

அவள் லைசென்ஸ் எடுத்திருந்தாள். ஆனால் கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் நீ ஓட்டவே கூடாது என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன், வண்டி என்னிடம் வந்த பிறகும் சாவியைக் கண்ணில் காட்டியதில்லை. ரெண்டு வருடத்துக்கு முன்னால், வண்டி இன்னும் அவனிடம் இருந்தபோது, காலை வேளைகளில் காசிமேட்டுப் பக்கம் அவன்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஒருநாள் ஐஸ் வண்டி ஒன்று திடீரென்று ரிவர்ஸ் வர, இவள் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்திருக்கிறாள். யாருக்கும் அடி இல்லை. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அங்கேயே அழுதிருக்கிறாள். அவன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறான்.

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொல்லியிருந்தா?" என்று மகள் கேட்டாள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லைசென்ஸைக் கிழித்திருப்பேன். அவனை வாசலோடு நிறுத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் டிங்கரிடம் போய் மறுபடி தேய்க்கச் சொன்னேன். "தேய்க்கறேன் சார். ஆனா மூல முடுக்குல பூந்த துரு போவாது. ரெண்டு மழ பாத்தா கொப்புளிக்கும்" என்றார். பிறகு வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போனேன். அவன் ஒரு மீனவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தான். "தப்பு பண்ணிட்டேன் மாமு" என்றேன். "வுடு, பரவால்ல" என்றான், என்னைப் பார்க்கவில்லை. அளவு முடிந்த இடத்தைத் தாண்டி ஒரு முழம் கூடுதலாகவே விட்டுக் கயிற்றை வெட்டினான்.

பெயிண்ட் முடிந்து வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை சாவியை மகளிடம் கொடுத்தேன். அவளே போய் அவனைக் கூட்டிவந்தாள். நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பானா என்று தெரியவில்லை. அவன் முன் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான், நான் பின்னால். கிளட்சை மெதுவா வுடு பாப்பா, கண்ணாடியப் பாரு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். என்னிடம் பேச்சில்லை.

காசிமேட்டில் ஒரு விளக்குக் கம்பத்தருகே வண்டி மெதுவானது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். மகள் ஏதோ முணுமுணுத்தாள், அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"இன்னா?" என்றேன் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்ல" என்றான் அவனும்.

ஏதோ இருக்கிறது. நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார்கள்.