கிணற்றுக் கயிறு

அமெரிக்காவில் ஓக் பெண்ட் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் பதினான்காம் எண் பொருள் ஒரு கயிறு. சீட்டில் ‘கிணற்றுக் கயிறு’ என்றிருக்கும். கொடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். எந்தக் கிணறு என்று கேட்பது வழக்கமில்லை.

லோர்னா ஹெக்கத்தார்ன் இருபத்தாறு வருடமாக அதன் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது, சாவி உண்டு. யார் மனதையும் நோகடிக்காதவள் என்று ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் முதல் வாரமே அந்தக் கயிற்றோடு இருந்த புகைப்படத்தை எடுத்து மேசையின் அடி இழுப்பறையில் பூட்டினாள்.

பெருநகரத்து அருங்காட்சியகம் ஒன்று அமெரிக்க வரலாற்றுக் கண்காட்சிக்காக அந்தக் கயிற்றை இரவல் கேட்டபோது ஊர் பூரித்துப்போனது. நம் கிணற்றுக்கும் மதிப்பு வந்துவிட்டதே! மேயர் டுவைட் க்ரம்லி வழியனுப்பு விழாவே ஏற்பாடு செய்துவிட்டார். வாசலில் பள்ளிக்கூட பேண்டு, மேசை நிறைய ஆப்பிள் பை என்ற பழப் பலகாரம். லோர்னாவுக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

கயிற்றை எடுத்துப்போக வந்தவர் மிஸ் பெட்டிஃபோர்ட் என்ற கறுப்பினப் பெண்மணி. இரவல் போகும் பொருளின் ஒவ்வொரு கறையையும் இரு தரப்பும் சேர்ந்து பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் கையுறை மாட்டி, கயிற்றை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முடிச்சில் வந்து நின்றார்.

“எந்தக் கிணறும்மா?”

மேயர் சிரித்தார். “பழைய கிணறுங்க. எங்க தாத்தா காலத்துல மூடிட்டாங்க.”

“வாளிக்கு இப்படியா சுருக்குப் போடுவாங்க?”

“அந்தக் காலத்து வாளி, முரட்டு வாளிங்க!”

மிஸ் பெட்டிஃபோர்ட் பதிவேட்டைத் திருப்பினார். “கயிறு ஒண்ணு, போட்டோ ஒண்ணுன்னு இருக்கே. போட்டோ எங்க?”

“தொலைஞ்சுபோச்சு” என்று இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள் லோர்னா. இப்போதும் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. குனிந்து இழுப்பறையைத் திறந்தாள்.

படத்தில் ஒரு மரம். மரத்தில் தொங்கும் ஒரு கறுப்பின மனிதர். கீழே சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடையில் வெள்ளைக்கார ஊரார், குழந்தைகளோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. முன்வரிசையில் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தவருக்கு அச்சு அசலாக மேயரின் தாடை.

மேயர் போய்க் கதவைத் தாழிட்டார்.

“லோர்னா, அதை உள்ள வை.”

“முடியாது டுவைட்.”

“உங்க வீட்டு ஆளுங்களும்தான் அதுல இருக்காங்க!”

“ரெண்டாவது வரிசை. இடப்பக்கம்” என்றாள் லோர்னா. பதிவேட்டில் ‘கிணற்றுக் கயிறு’ என்பதை அடித்தாள். அதற்கு நேரே, உண்மையில் நடந்ததை எழுதினாள். கையெழுத்திட்டாள். மேயர் அவள் தோளுக்குப் பின்னால், மூச்சு கழுத்தில் படும்படி நின்றிருந்தார். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

“இந்தப் போட்டோவ செவுத்தளவுக்குப் பெருசாக்கி, கண்காட்சியில கயிறு பக்கத்துல வைப்போம்” என்றார் மிஸ் பெட்டிஃபோர்ட். கயிறும் படமும் வைத்த பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். தாழையும் அவரே திறந்தார்.

வெளியே பேண்டு முழங்கியது. வண்டி தெருமுனை திரும்பும்வரை ஊரே கைதட்டியது.

“கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நம்ம ஊர்லேர்ந்து எத்தனை பேர் போறாங்க?” என்று லோர்னாவிடம் கேட்டார் மேயர்.

“ரெண்டு பஸ் நிறைய. உங்க அம்மாவுக்கு முதல் சீட்டு.”

“நிறுத்திடலாமா?”

“என்ன காரணம் சொல்லுவீங்க?”

வாசலில் யாரோ, லோர்னாவுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை எடுத்து வையுங்கள் என்று பிரியமாகக் கத்தினார்கள்.