கருங்கல்லுக்கு வந்த தேங்காய் பிடிக்காத விருந்தாளி

பிரான்சில் வேலை பார்க்கும் ஜெபின் அண்ணன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் கிளேர் அக்கா, போன டிசம்பரில் அண்ணனின் அம்மாவான என் பெரியம்மாவைப் பார்க்கத் தனியாக வந்தார். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியம்மா சம்மதித்தால்தான் கல்யாணம். பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவள் என்பதால் அழைத்துவரும் பொறுப்பு எனக்கு. கடைசி பெஞ்ச் பிரெஞ்சுதான், இருந்தாலும் பிரெஞ்சுதானே!

காலை பத்தரைக்கு இரணியலில் ரயில் இறங்கினார். அங்கிருந்து எங்கள் ஊர் கருங்கல் பத்து கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். "மதாம்மைக்கு நானூறு" என்றார் ஓட்டுநர், வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும்.

"அண்ணே, மதாம்மை எங்க வீட்டுக்கு மருமவளா வரப்போறா. இப்பமே கூட்டிக் கேட்டா கல்யாணத்துக்கு விளிக்க மாட்டோம்."

முந்நூறுக்கே வண்டி கிளம்பியது.

வழியெல்லாம் அக்கா எனக்குப் பிரெஞ்சுப் பாடம் எடுத்தார். பிடித்தால் 'ழெம்', உயிரையே விட்டால் 'ழாதோர்', பிடிக்காவிட்டால் 'ழு நெம் பா'. பின்னால் சாப்பாட்டின் பெயரை ஒட்டினால் முடிந்தது. உங்களுக்கு எது பிடிக்காது என்று கேட்டேன். "ழு நெம் பா லா நுவா து கோகோ" என்றார். தேங்காய்! சாலையின் இரண்டு பக்கமும் தென்னை எங்களையே பார்த்தது.

அண்ணன் அவருக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்லி அனுப்பியிருந்தான்: 'நல்லாயிருக்கு'. அம்மா எதைப் போட்டாலும் அதையே சொல்லு என்று.

மதியம் பெரியம்மா வீட்டில் ஜெபம் முடிந்து இலை போட்டார்கள். அவியல், தீயல், மீன்கறி, எல்லாமே தேங்காய் அரைத்தது. "நல்லாயிருக்கு" என்றார் அக்கா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பதில் இன்னொரு கரண்டிதான். மூன்றாவது கரண்டியில் அவர் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, நல்லாயிருந்தா மூஞ்சி இப்பிடியா இருக்கும்? உள்ளத கேளு" என்றார் பெரியம்மா.

கேட்டேன். அக்கா இலையைப் பார்த்தபடி, ஆட்டோவில் சொன்னதையே மெதுவாகச் சொன்னார். 'காரமாம்' என்று நான் கதை கட்டியிருக்கலாம். அதில் எனக்கு நல்ல பயிற்சி. கட்டினால், ஆயுசு முழுக்க அவர் தேங்காய் தின்ன வேண்டும்.

"தேங்கா பிடிக்காதாம், பெரியம்மா."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பொறவு என்னத்தத் தின்னு வளந்தா?" பெரியம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தார். "ஒங்கண்ணன் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டே பாவக்காய கோழிக்குப் போடுவான். இவளாவது உள்ளத சொல்லுகா."

எழுந்து போய், அவித்த மரச்சீனிக் கிழங்கும் கட்டித் தயிரும் கொண்டுவந்தார். அக்கா ஒரு வாய் வைத்தார். "ழாதோர்!"

"இதுக்கு அர்த்தம் வேண்டாம்" என்ற பெரியம்மா, போனில் அண்ணனைப் பிடித்தார். "ஏலே, தேங்கா இல்லாம கறி வைக்கப் படி. கல்யாணத்துக்குப் பொறவு நீதான் வைக்கணும்."

வெளிநாட்டு விருந்தாளியை இந்தப் பக்கம் அழைத்து வருகிறீர்களா? 'நல்லாயிருக்கு' சொல்லிக்கொடுத்தால் கூடவே 'போதும்' என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பிரெஞ்சு படிக்கிறீர்களா? பிடிக்காது என்பதை முதலில் படியுங்கள்; பிடித்ததை முகமே சொல்லிவிடும்.

கிளேர் அண்ணி ஊர் திரும்பிவிட்டார். பெரியம்மாவிடம் மட்டும் ஒரு பிரெஞ்சு வாக்கியம் தங்கிவிட்டது. நான் வாலாட்டும்போதெல்லாம் வருகிறது: "ழு நெம் பா!" அந்த ழ அவ்வளவு சுத்தம்.