மண்டபத்தில் படம் போட்ட நாள்

நான் வாரப் பத்திரிகைகளுக்குப் படம் போடுகிறவள். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு, தபாலில் வரும் கதையைப் படித்து, இந்தியன் இங்க்கில் வரைந்து திருப்பி அனுப்புவேன். கதை எந்த ஊரில் நடந்தாலும் என் படத்தில் பின்னால் நிற்பது கல்வராயன் மலைதான். எனக்குத் தெரிந்த மலை அது ஒன்றுதான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று எங்கே ஓவியக் கண்காட்சி நடந்தாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். பார்க்கத்தான் விடுவார்கள். என் படங்களையும் வைக்கலாமா என்று கேட்டால், அது ஓவியம் இல்லையம்மா, கதைக்குப் போடுகிற படம் என்பார்கள். மூன்று வருஷம் கேட்டேன். மூன்று வருஷமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன்.

நாலாவது வருஷம் எங்கள் ஊரிலேயே நடந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மா கிடந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். நான் விடாமல் நச்சரித்ததில் இடம் கொடுத்தார். எங்கே தெரியுமா? மணமேடையில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் எண்ணெய் வண்ண ஓவியங்கள், நடுவில் அவர் வரைந்த கோபுரம். என் பன்னிரண்டு படங்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மாட்டினேன். ஒரே தொடர்கதைக்குப் போட்ட படங்கள் அவை. ஒரிஜினல்களைப் பத்திரிகையோடு சண்டை போட்டுத் திரும்ப வாங்கியிருந்தேன். நாலு பேராவது நின்று பார்த்துவிட மாட்டார்களா என்று கிடந்து தவித்தேன். மத்தியானம் வரை அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் கை கழுவத்தான் வந்தார்கள்.

விளம்பரத்துக்கு மாஸ்டர் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்றை அனுப்பியிருந்தார். மைக்கில் பேசியவர் வழக்கமாக டூரிங் டாக்கீஸுக்கு அறிவிப்புச் செய்கிறவர். மாஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் கதைக்குப் படம் போடுகிறவரும் பங்கேற்கிறார் என்று இருந்ததை, மண்டபத்தில் கதைப் படம் போடுகிறார்கள், இலவசம் என்று மூங்கில்துறைப்பட்டு ரோடு நெடுகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். பொழுது சாய, கரும்பு வெட்டு முடித்த ஜனங்கள் தலையில் துண்டோடும் இடுப்பில் பிள்ளையோடும் வந்து சேர்ந்தார்கள். நாற்காலி போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் மேடைத் துணியையே பார்த்திருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து மாஸ்டரிடம் பணிவாகச் சொன்னார்:

"சார், அந்த போட்டோவையெல்லாம் கொஞ்சம் கழட்டிட்டீங்கன்னா தெர நல்லா தெரியுங்க."

மார்கழிக் குளிரிலும் மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. சினிமா இல்லை என்றால் கூட்டம் என்ன செய்யுமோ என்று என்னைப் பார்த்தார். நான் மேடையேறினேன். படம் போட்டது நான்தான், படம் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் இருக்கிறது, அது ஓடாது, நாம்தான் நடந்து பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் முணுமுணுப்பு, கொஞ்சம் சிரிப்பு. வந்ததுதான் வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம் என்று எழுந்தார்கள்.

முன்னால் வந்த அம்மாளின் கை முழுக்கக் கரும்புத் தோகை கீறிய கோடுகள். படிக்கத் தெரியாது என்று அவரே சொன்னார். ஆனால் முதல் படத்திலிருந்தே பின்னால் நின்றவர்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். புருஷனோடு சண்டை, பெண் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள், இது நம்ம பஸ் ஸ்டாண்டு, அது நம்ம மலை. கதை மதுரையில் நடக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாவது படத்தில் அந்தப் பெண் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். மனம் மாறிச் சந்தோஷமாக வந்துவிட்டாள் என்று எழுதியவர் முடித்திருந்தார். எனக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லை. கதையை மாற்றுவது என் வேலை இல்லை. அதனால் அவள் துணிப்பையைக் கீழே வைக்காமல், அதன் காதை இறுக்கிப் பிடித்தபடி நிற்பதாக வரைந்தேன். பத்திரிகையில் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் அங்கே வந்ததும் குனிந்து, பையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"வந்துட்டா. ஆனா பையக் கீழ வெக்கலியே. இவ மனசு இன்னும் பஸ் ஸ்டாண்டுலதான் நின்னுக்கினு இருக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் ஜெயித்தேன். அத்தனை வருஷமாக நான் யாருக்காக வரைந்தேனோ அந்த ஆள் கடைசியில் வந்து நின்றுவிட்டார்.

மாஸ்டரும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேடைக்குப் போய்த் தன் கோபுரத்தை இறக்கினார். திரும்பி வந்து என் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவரே மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மண்டபத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது அதே ஆட்டோ எதிரே வந்தது. மண்டபத்தில் இன்றைக்கும் படம் போடுகிறார்கள் என்று ஸ்பீக்கர் கத்தியது. மறுபடியும் தப்பாகச் சொல்கிறாரே என்று கை காட்டி நிறுத்தினேன். மைக்கில் பேசியவர் சீட்டை நீட்டினார். மாஸ்டரின் கையெழுத்துதான். அப்படியேதான் எழுதியிருந்தார்.