மலை மணலில் ஒரு சிட்டிகை

கடலடிச் சேற்றைக் குழாயோடு பிடுங்கி வந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மேசைமேல் வைத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். எங்கள் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், பரங்கிப்பேட்டைப் பக்கம், படகிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நாங்களே அழுத்தி எடுத்த குழாய் அது. மேல் பகுதி கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தது. கீழே போகப் போகச் சாம்பல் நிறம். எல்லாவற்றுக்கும் அடியில், நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே படிந்த மண்ணில், மினுக் மினுக்கென்று காக்காய்ப்பொன், பாறையிலிருந்து உதிரும் மைக்காத் துகள்.

அந்த மினுக்கலை எனக்குத் தெரியும். கோமுகி ஆற்று மணலில் அதைப் பொறுக்கி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டுபோய், தங்கம் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் ஏமாற்றியிருக்கிறேன். எங்கள் வீடு கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில். மலையில் உதிர்வது கோமுகியில் உருண்டு, மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து இங்கே வந்து படுத்துக் கிடக்கிறது. நான் மூன்று பேருந்து மாறி வந்த ஊருக்கு அது எனக்கு முன்பே வந்துவிட்டது. மலை நகராது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். விரலால் தொட்டுப் பார்க்கக்கூடத் தயக்கமாக இருந்தது.

அந்தச் சேற்றில் இருக்கும் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. மேலே வர வர, அதாவது நம் காலத்தை நெருங்க நெருங்க, ஈயம் கூடிக்கொண்டே வந்தது. என் வழிகாட்டியான மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல மலை குடுத்தது எவ்வளவு, மனுஷன் போட்டது எவ்வளவு?"

பாறையிலேயே கொஞ்சம் உலோகம் உண்டு. அது எவ்வளவு என்று தெரியாமல், கடலில் கிடப்பதற்கு யாரையும் கைகாட்ட முடியாது. ஆகவே ஓடை தொடங்கும் இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்து மணல் எடுத்துவர வேண்டும். "உங்க ஊர்தானே, ஆயுத பூஜை லீவுல எடுத்துட்டு வந்துடு" என்றார் மேடம். ஊரிலிருந்து முறுக்கு வாங்கி வரச் சொல்வதைப்போலச் சொன்னார்.

அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கூலி வேலைக்குப் போகிறவர். மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் கூப்பிட்டால் மலைக்குப் போவார், அதனால் ஓடையெல்லாம் அத்துப்படி. மலைமேல் வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் பார்த்தால் அவர் மடியில் மண்வெட்டி, புதிதாகத் தீட்டியது. என் வேலைக்கென்றே தீட்டியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இரும்பு பட்டால் மணலே கெட்டுவிடும், அளவு தப்பாகிவிடும் என்று பேருந்திலேயே கத்தினேன்.

"மம்மட்டி இல்லாம இன்னாத்தால எடுக்கறது?"

பையிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியை எடுத்துக் காட்டினேன். "கல்யாணத்துல கேசரி துன்ற ஸ்பூனு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி வீட்டையும் தாண்டி வெகுநேரம் ஏறினோம். ஓடை மெலிந்து பாறையிடுக்கில் கசியும் இடத்தில் நான் கையுறை போட்டுக்கொண்டு குத்தவைத்து, கரண்டி கரண்டியாக மணலை அள்ளிப் பையில் போட்டேன். அப்பா பாறைமேல் உட்கார்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரில என்னியக்கூட இப்டி கையுற போட்டுத் தொடல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈர மணலை வீட்டு மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, மேலே தாள் மூடி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பூஜைக்குப் பொரியும் பழமும் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். திரும்பி வந்தால் அரிவாள், மண்வெட்டி, அம்மிக்கல், அப்பாவின் சைக்கிள், என் பழைய புத்தகக் கட்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் அம்மா. மிச்சம் நான் ஒருத்திதான் என்று கிண்டல் செய்தேன். மறுநாள் மணலைப் பைக்குள் போடும்போது நடுவில் லேசாகச் சிவப்பேறியிருந்தது. பாறையிலிருக்கும் இரும்பு துருவேறிய நிறம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். படித்தவள் அல்லவா.

ஆய்வகத்தில் மணலை அரைத்து, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்துக்குக் கொடுத்தேன். திரையில் எண் வந்தது. கடல் சேற்றில் இருந்ததைவிட எங்கள் மலை மணலில் ஈயம் அதிகம். மறுபடி ஓட்டினேன். அதேதான்.

மேடத்துக்கு என் மூன்று வருட உழைப்பைப் பற்றிக் கவலை. எனக்கு அது நினைவிலேயே இல்லை. அந்த ஓடைத் தண்ணீர்தான் கோமுகியில் வருகிறது. ஆற்றுக்குள் இருக்கும் கிணற்றிலிருந்துதான் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர். பிறந்ததிலிருந்து நான் குடித்தது, அம்மா இப்போதும் குடித்துக்கொண்டிருப்பது. தண்ணீரைச் சோதிக்காமல் எதுவும் சொல்லாதே என்று மேடம் சொல்லச் சொல்ல, வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மலை மண்ணுல விஷம் இருக்கும்மா. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க."

"தண்ணி குடிக்காம இன்னாத்தடி குடிக்கிறது?" என்றாள் அம்மா. எனக்கு அழுகை முட்டியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். குரலை இறக்கினாள். "அதுக்கு ஒரு கொறையும் வராது. பூஜ அன்னிக்கி நானே அந்த மண்ணுக்குக் குங்குமம் வெச்சன். உன் படிப்பு சாமான் ஆச்சே. தாள எடுத்துட்டு நடுவுல ஒரே ஒரு சிட்டிக. தட்ட நான் தொடக்கூட இல்ல."

எனக்குத் தைரியம் சொல்லத்தான் அதைச் சொன்னாள்.

அந்த மலிவுக் குங்குமத்தின் சிவப்பில் ஈயம் கலந்திருக்கலாம் என்று நான் படித்திருந்தேன். படித்தது ஏட்டில் இருந்தது, டப்பா எங்கள் சாமி மாடத்தில் இருந்தது, இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அம்மாவின் இரண்டு விரல் நுனியில் நின்ற அளவு. அது ஒரு தட்டு மணலில் கலந்து, ஒரு மலையையே கடலைவிட அழுக்காகக் காட்டிவிட்டது. சிட்டிகை என்றால் சின்ன அளவு என்று யார் சொன்னது? ஆனாலும் அது என் ஊகம்தான். மலையில் மறுபடி மணல் எடுத்து அளக்கும்வரை எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

இரண்டாவது முறை அம்மாவும் கிளம்பினாள். குங்குமம் பட்டதால் அளவு தப்பியிருக்கலாம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன்; கெடுத்தது தான்தான் என்று அவளுக்கு உறுத்தல். வாசலில் அவளைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். நெற்றியைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். வகிட்டிலும் ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நெற்றியில் குங்குமம் இல்லாமல் அவள் தெருவில் இறங்கியதில்லை.

"நான் குத்துக்கல்லாட்டம் நின்னுக்கினு இருக்கறேன், இன்னா கோலம் இது?" என்று அப்பா எகிறினார்.

"வேர்வையில வழிஞ்சி அவ மண்ணுல பட்டுடுங்க. வாங்க, பஸ்ஸு போய்டும்."

பேருந்தில் ஒரு பெண் அம்மாவின் நெற்றியையும் பக்கத்தில் இருந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் ஆராய்ச்சிக்கு இதுவரை யாரும் இவ்வளவு பெரிதாக எதையும் கொடுத்ததில்லை.

மேலே, நான் கையுறை மாட்டுவதற்குள் அம்மா ஓடையில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டாள். முடிவு வரட்டும் என்று பதறினேன். "இன்னா ஜில்லுனு கீது" என்று இன்னொரு கை அள்ளினாள்.

முடிவு வந்தது. ஈயம் மிகமிகக் கம்மி, பாறைக்கு இயல்பாக உள்ளது மட்டும். தண்ணீரையும் அளந்தேன், குறையில்லை. மலை சுத்தம். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து கடலுக்குப் போகிற மலை, கூடவே கொடுத்த ஈயம் இவ்வளவுதான். ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு, அம்மாவிடம் வாங்கி வந்திருந்த குங்குமத்தைக் கரைத்து இயந்திரத்துக்குக் கொடுத்தேன். திரும்பத் திரும்ப நீர்க்கவைத்த பிறகுதான் அதை அளக்கவே முடிந்தது, அவ்வளவு ஈயம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அம்மாவிடம் நேரிலேயே சொன்னேன். மலையைப் பற்றிச் சொன்னதும் தலையை ஆட்டினாள், அவளுக்கு அது தெரிந்த விஷயம். விஷம் குங்குமத்தில்தான் என்று சொன்னபோது வலதுகை தானாக நெற்றிக்குப் போனது. பிறகு மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"செரி. இத்த இன்னா பண்றது? ஆத்துல வுட்டா கடலுக்குப் போவுதுன்ற. பொதச்சா கெணத்துக்குப் போவும். குப்பையில கொட்ட எனுக்கு மனசு வராது, குங்குமமாச்சே. நீ சொல்லு."

"தெரியலம்மா" என்றேன்.

டப்பாவை மூடி, துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள். "அப்ப நீயே எட்துக்கினு போ. கால் படாத எடமாப் பாத்து வையி."

அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேறு எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.